ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்க்கப் போறீங்களா? மீனுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க!

பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போனால், அரியாங்குப்பம் தாண்டி வரும் ஊர் நோணாங்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு அது படகுக் குழாமும் பாரடைஸ் பீச்சும். ஊர்க்காரர்களுக்கு வீட்டை ஒட்டி ஓடும் சுண்ணாம்பாறும், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும் போர் தண்ணியும்.

அந்த வெள்ளைப் படிவைப் பார்த்து, “இந்தத் தண்ணியில எப்படி கலர் மீன் வளர்க்கிறது?” என்று யோசிப்பவர்கள் உண்டு. நல்ல சேதி என்னவென்றால், அப்படிப்பட்ட கடினத் தண்ணியையே சொந்த வீடாக நினைக்கும் மீன்கள் இருக்கின்றன. அவைதான் ஆப்பிரிக்கன் சிக்லிட். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கடல் மீன் மாதிரி மின்னும். ஆனால் நன்னீர் மீன்.

இந்த மீனை வாங்குபவர்களில் பலர் முதலில் மீனை வாங்குகிறார்கள், பிறகு தொட்டி, அதன்பிறகு ஃபில்டர், கடைசியில்தான் தண்ணியைப் பற்றி யோசிக்கிறார்கள். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பணும். தண்ணி, தொட்டி, ஃபில்டர், பொறுமை, கடைசியில் மீன். இந்த வரிசையில் போனால் முதல் மாதத்திலேயே மீனை அள்ளிப் புதைக்கும் வேலை இருக்காது.

யார் இந்த சிக்லிட்?

சிக்லிட் என்பது ஒரு மீன் இல்லை, பெரிய குடும்பம். அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், நம்ம தென்னிந்தியா, இலங்கை என்று பரந்திருக்கும் கூட்டம். கேரளாவில் வாழையிலையில் பொள்ளிக்கும் கரிமீனும் இந்தக் குடும்பம்தான். இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட் இனங்கள் மூன்று. அதில் ஒன்று கரிமீன்.

கடையில் “ஆப்பிரிக்கன்” என்று விற்பது பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க ஏரி மீன்கள். முக்கியமாக மூன்று ஏரிகள்: மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா. மலாவி ஏரியின் பரப்பு சுமார் 29,600 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் சுமார் 700 மீட்டர். உலகின் வேறெந்த ஏரியையும் விட அதிக மீன் இனங்கள் இங்கேதான் இருக்கின்றன. அதில் பெரும்பங்கு சிக்லிட். ஏரியின் தென்பகுதியில் உள்ள மலாவி ஏரி தேசியப் பூங்கா 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மலாவி மீன்கள்தான் சரி. அவற்றில் இரண்டு வகையைத் தெரிந்துவைத்தால் போதும்.

ம்புனா: பாறை இடுக்குகளில் வாழ்பவை. ஏரிக்கரை மக்களின் டோங்கா மொழியில் இந்தப் பெயருக்குப் ‘பாறை மீன்’ என்று பொருள். பாசியைச் சுரண்டித் தின்னும். இடத்துக்காகச் சண்டை போடும்.

பீகாக்: மணலும் பாறையும் சேரும் இடத்தில் வாழ்பவை. ஆண் மீன்தான் நிறம் காட்டும். ம்புனாவை விடச் சாது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடுவோம். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர் ஆகியவையும் சிக்லிட்தான்; ஆனால் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. வாஸ்து மீன் என்று விற்கும் ஃபிளவர்ஹார்ன், அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து மனிதர் உருவாக்கியது. ‘எல்லாமே சிக்லிட்தானே’ என்று இவற்றை மலாவி மீனோடு ஒரே தொட்டியில் விடக் கூடாது. தண்ணியும் வேற, குணமும் வேற.

உங்க வீட்டுத் தண்ணி எப்படி?

மலாவி ஏரித் தண்ணியின் பி.ஹெச் சுமார் 7.8 முதல் 8.6 வரை. அதாவது காரத்தன்மை. கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் கலந்த தண்ணி. இதை மூன்று அளவுகளால் புரிந்துகொள்ளலாம்.

பி.ஹெச்: அமிலமா, காரமா என்று சொல்லும்.

ஜி.ஹெச்: கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லும். நாம் ‘கடினத் தண்ணி’ என்பது இதைத்தான்.

கே.ஹெச்: கார்பனேட், பைகார்பனேட் அளவு. பி.ஹெச் சரசரவென்று இறங்காமல் பிடித்து வைப்பது இதுதான்.

வீட்டுத் தொட்டிக்கு பி.ஹெச் 7.8க்கு மேல், ஜி.ஹெச்சும் கே.ஹெச்சும் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் நிம்மதி. இவற்றைச் சோதிக்கும் சொட்டு மருந்து கிட் மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். முதல் செலவு இதுதான்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கடினத் தண்ணி வேற, உப்புத் தண்ணி வேற. புதுச்சேரி நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊர். கடலையும் கழிமுகத்தையும் ஒட்டிய இடங்களில் போரில் கடல் உப்பு ஏறுவது தெரிந்த கதை. ஒரே ஊரில்கூட தெருவுக்குத் தெரு, போரின் ஆழத்துக்கு ஆழம் தண்ணி மாறும். பக்கத்து வீட்டில் மீன் நன்றாக இருக்கிறது என்பது உங்கள் வீட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

பலரிடம் இருப்பது டி.டி.எஸ் மீட்டர் மட்டும். அது மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுமே தவிர, கரைந்திருப்பது சுண்ணாம்புச் சத்தா, சோத்து உப்பா என்று சொல்லாது. மலாவி ஏரியில் கால்சியமும் பைகார்பனேட்டும் உண்டு, ஆனால் கரைந்துள்ள மொத்த அளவு அதிகம் இல்லை. அதனால் டி.டி.எஸ் 1,500 காட்டுகிறது, நாக்கில் கரிக்கிறது என்றால், ‘கடினத் தண்ணி, மீனுக்கு நல்லது’ என்று அப்படியே ஊற்றிடாதீங்க.

தண்ணிக்குத் தகுந்த வழி இதோ:

கடினம் உண்டு, கரிப்பு இல்லை: உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்படியே பயன்படுத்தலாம்.

கரிக்கிறது: ஆர்.ஓ. தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்து, மறுபடி சோதியுங்கள். கரிப்பு குறைந்து, கே.ஹெச் போதுமான அளவு இருக்கும் விகிதத்தைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எப்போதும் அதே விகிதம்தான்.

வெறும் ஆர்.ஓ. தண்ணி அல்லது கேன் தண்ணி: ‘சுத்தமான தண்ணி’ என்று இதை மட்டும் ஊற்றுவது ஆபத்து. கே.ஹெச் இருக்காது, பி.ஹெச் எப்போது வேண்டுமானாலும் சரியும். வேறு வழியே இல்லையென்றால், 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்தால் கே.ஹெச் 3 முதல் 4 டிகிரி வரை ஏறும். ஆனால் சோடா, ஜி.ஹெச்சை ஏற்றாது. அதற்குத் தனியாக சிக்லிட் சால்ட் வாங்கணும். எதையும் தொட்டியில் நேராகக் கொட்டாமல், வெளியே பக்கெட்டில் கரைத்து, சோதித்த பிறகே ஊற்றுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணி: சிலர் இதை மீன் தொட்டிக்குத் திருப்புகிறார்கள். உப்பெல்லாம் திரண்டு வருவது அதில்தான். வேண்டாம்.

முனிசிபல் குழாய்த் தண்ணி: குளோரின் இருக்கும். ஆன்ட்டி குளோரின் போட்ட பிறகே பயன்படுத்தணும்.

கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை தண்ணியை மறுபடி சோதியுங்கள். ஒரே போர்தான் என்றாலும் தண்ணி அதேதான் என்று சொல்ல முடியாது.

தொட்டி: உயரம் இல்லை, நீளம்தான் முக்கியம்

ம்புனா வளர்க்க 3 அடிக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் சிறப்பு. கணக்குப் போட்டால் 9 கன அடி, சுமார் 255 லிட்டர். சின்னத் தொட்டியில் அடி வாங்கும் மீனுக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது. விடிந்தால் செதில் உரிந்து மிதக்கும்.

255 லிட்டர் என்றால் தண்ணி மட்டும் 255 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்தால் 350 கிலோ வரை வரும். மேசை, டி.வி. யூனிட் மேலே வைக்கும் சமாச்சாரம் இல்லை. இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் பிளைவுட் பலகை, அதன்மேல் தெர்மாகோல் ஷீட், பிறகு தொட்டி. ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லாமல் நிறுத்துங்கள். கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்ட் அடித்த ஸ்டாண்டே வாங்குங்கள், வருஷா வருஷம் மூட்டுகளைப் பாருங்கள்.

மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீம் இருக்கும் பக்கமாக வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. வயரை, பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வயர் வழியே வழியும் தண்ணி பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கையை விடும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைக்கணும்.

மூடி கட்டாயம். சண்டையில் துரத்தப்படும் மீன் துள்ளி வெளியே விழும்.

மணல், கல்: பீச்சில் அள்ளாதீங்க

பக்கத்திலேயே கடல் இருக்கிறது, ஒரு பை மணல் அள்ளினால் என்ன என்று தோன்றும். கடற்கரை மணலை எடுப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதில் உப்பும் குப்பையும் சேர்ந்தே வரும். மீன் கடையில் கிடைக்கும் கழுவிய மெல்லிய மணல், அல்லது சிமென்ட் கலக்காத சலித்த மணல் போதும். தண்ணி தெளியும்வரை கழுவணும். 2 அங்குல உயரம் தாராளம்; ம்புனாக்கள் வாயால் அள்ளி அள்ளித் தங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிவைக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் ‘பவளத் துகள் போடுங்கள்’ என்பார்கள். இந்தியாவில் பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையில் கிடந்தது என்று எடுத்து வைத்தாலும் சிக்கல். அதன் வேலையை கிளிஞ்சல் ஓடு செய்யும். நன்றாகக் கழுவி, கொதிக்கவைத்து, உடைத்து, ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் கே.ஹெச் மெதுவாக ஏறும். சுண்ணாம்புக்கல்லும் அப்படியே. எந்தக் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது என்று தெரிய, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் இருக்கிறது என்று அர்த்தம். சுட்ட சுண்ணாம்பை மட்டும் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீங்க. பி.ஹெச் ஒரே நேரத்தில் எகிறி மீன் செத்துவிடும்.

அலங்காரத்துக்குக் கருங்கல் போதும். வட்டமான கற்களாகப் பார்த்து, குகைகள் வரும்படி அடுக்குங்கள். முதலில் கல், பிறகு மணல். மணல்மேல் கல்லை வைத்தால், மீன் தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடி உடையலாம். குகைகளின் எண்ணிக்கை மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் சண்டை பாதியாகக் குறையும்.

செடி வைக்க ஆசையா? ம்புனா தின்றுவிடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி தடித்த இலைச் செடிகளைக் கல்லில் கட்டி முயற்சி செய்யலாம்.

ஃபில்டரும் ஒரு மாதப் பொறுமையும்

ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணி முழுவதும் 6 முதல் 8 முறை ஃபில்டருக்குள் போய் வரணும். 255 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் தள்ளும் கேனிஸ்டர் அல்லது டாப் ஃபில்டர். கூடவே ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அது ஏன் என்று புயல் பகுதியில் புரியும்.

இப்போது கட்டுரையின் முக்கியமான இடம். மீன் கழிவும் மிச்சத் தீவனமும் அழுகி அம்மோனியா ஆகும். ஃபில்டரில் வளரும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும்; இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் ஓரளவு வரை பரவாயில்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா இருக்காது. அவை வளர 4 முதல் 6 வாரம் ஆகும்.

எந்தத் தொட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் சிக்லிட் தொட்டியில் ஆபத்து பல மடங்கு. தண்ணியில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்; ஒன்று பெரிதாகக் கெடுதல் செய்யாது, மற்றது செவுளை எரிக்கும். பி.ஹெச் ஏற ஏற, எரிக்கும் வடிவத்தின் பங்கு ஏறும். 28 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச் 7 என்றால் அந்தப் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.ஹெச் 8ல் அது 6 சதவீதத்தைத் தாண்டும். 8.5ல் கிட்டத்தட்ட 18 சதவீதம். சாதாரணத் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா, சிக்லிட் தொட்டியில் கொன்றுவிடும். “நேத்து வாங்கினேன், இன்னைக்குப் போயிடுச்சு” என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கணக்குதான்.

அதனால் மீன் இல்லாமலே தொட்டியைத் தயார் செய்யுங்கள்:

1. தண்ணி நிரப்பி, ஃபில்டரை 24 மணி நேரமும் ஓடவிடுங்கள்.

2. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும்.

3. நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காலம் கணிசமாகக் குறையும்.

4. வாரம் இரண்டு முறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதியுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், இரண்டும் இறங்கி நைட்ரேட் காட்டும்.

5. தினமும் தீவனம் போட்டும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்ஜியம் என்றால் தொட்டி தயார். பாதித் தண்ணியை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

எந்த மீன், எத்தனை?

சென்னை கொளத்தூர் மாதிரி கலர் மீன் சந்தைகளில் ‘அசார்ட்டட் ஆப்பிரிக்கன்’ என்று கலந்த குட்டிகளைத் தருவார்கள். விலை குறைவு, பார்க்க அழகு. ஆனால் அதில் ஒன்றிரண்டு ரவுடி இனம் வந்துவிட்டால், 6 மாதத்தில் தொட்டியில் ஒரே ஒரு ராஜாவும் கிழிந்த வாலோடு நாலு பேரும்தான் மிச்சம். ஆரட்டஸ், கென்யி இரண்டும் முதல் தொட்டிக்கு வேண்டாம்.

4 அடி தொட்டிக்குப் பாதுகாப்பான கூட்டணி:

எலெக்ட்ரிக் யெல்லோ – 6. ம்புனாவில் ரொம்பச் சாது. இதன் அறிவியல் பெயர் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ். செருலியஸ் என்றால் லத்தீனில் ‘நீலம்’. நாம் பார்க்கும் மஞ்சள், அந்த இனத்தின் ஒரு நிற வகை.

ரஸ்டி – 6. துருவும் ஊதாவும் கலந்த நிறம்.

அசெய் – 6. நீல உடம்பு, மஞ்சள் வால். மேல்மட்டத்தில் நீந்தும், தொட்டி காலியாகத் தெரியாது.

ஒவ்வொரு இனத்திலும் ஒரு ஆணுக்கு மூன்று பெண் இருந்தால் நல்லது. குட்டியில் ஆண் பெண் தெரியாது. அதனால் ஆறாக வாங்கி, வளர்ந்தபின் அதிகப்படி ஆணைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு இனம் வேண்டாம். எதிரி என்று நினைத்து அடிக்கும், இல்லாவிட்டால் கலப்பினக் குட்டி வரும்.

முதலில் பாதி மீன், இரண்டு வாரம் கழித்து மீதி. இரண்டாவது தடவை விடும்போது கற்களைக் கலைத்து அடுக்குங்கள். பழைய மீன்களின் எல்லை அழிந்து, எல்லோரும் புதிதாக இடம் தேடுவார்கள். புதியவர்களுக்கு அடி குறையும்.

கடையில் கவனிக்க: ஒட்டிய வயிறு, வெள்ளைப் புள்ளி, மடங்கிய துடுப்பு, வேகமாக மூச்சு வாங்குவது – இதில் ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே வாங்காதீங்க. ஓர் அங்குலக் குட்டி பீகாக் முழு நிறத்தில் மின்னினால் சந்தேகப்படுங்கள். ஹார்மோன் தீவனம் கொடுத்து நிறம் ஏற்றுவது உண்டு. வீட்டுக்கு வந்தபின் வெளிறிவிடும்.

சாப்பாடு: கொஞ்சம் பசி நல்லது

ம்புனாவின் குடல் நீளமானது. பாசி தின்னப் படைக்கப்பட்டது. ஸ்பைருலினா கலந்த தீவனம்தான் தினசரி உணவு. வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி, கொதிநீரில் போட்டெடுத்த கீரை வாரம் ஒருநாள் கொடுக்கலாம். இறைச்சி, டியூபிஃபெக்ஸ் புழு இரண்டையும் தவிருங்கள். அவை வயிறு வீங்கிச் சாகும் ‘மலாவி ப்ளோட்’ நோய்க்கு வழி. அந்த நோயின் முதல் அறிகுறி, சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்புவதும் வெள்ளையாக நூல் மாதிரி கழிவு போவதும். உடனே அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தீவனத்தை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

நாளுக்கு இரண்டு முறை, ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரம் ஒருநாள் விரதம். கண்ணாடிக்கு ஓடிவந்து கெஞ்சும். அது பசி இல்லை, பழக்கம்.

வாரா வாரம் என்ன செய்யணும்?

தினமும்: மீன்களை எண்ணுங்கள், ஃபில்டர் ஓடுகிறதா பாருங்கள், தண்ணி வெப்பநிலை பாருங்கள்.

வாரம் ஒருமுறை: 25 முதல் 30 சதவீதம் தண்ணி மாற்றம். புதுத் தண்ணி அதே விகிதம், ஏறக்குறைய அதே வெப்பம். மணல்மேல் நிற்கும் கழிவை சைஃபன் குழாயால் உறிஞ்சுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் மாற்றும் அளவைக் கூட்டுங்கள்.

மாதம் ஒருமுறை: ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியில் அலசுங்கள். குழாயடியில் பளபளவென்று கழுவினால், ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா எல்லாம் சாக்கடையில். கே.ஹெச், பி.ஹெச் சோதனையும் அன்றே.

ஆவியான தண்ணியை ஈடு செய்ய மறுபடி போர் தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு திரளும். ஆவியாவது தண்ணி மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஈடு செய்ய மட்டும் ஆர்.ஓ. தண்ணி.

கத்திரி வெயில், கரன்ட் கட், புயல்

மலாவி மீனுக்கு 24 முதல் 28 டிகிரி சுகம். நம்ம ஊரில் ஹீட்டரை விட மின்விசிறிதான் முக்கியம். தண்ணி சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 32 டிகிரியில் சுமார் 7தான். மே மாதத்தில் மூடியைக் கொஞ்சம் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேல் படும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீங்க. மார்கழிக் குளிருக்கு 25 டிகிரியில் ஒரு ஹீட்டர் வைத்தால் போதும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். பேய்மழை, வெள்ளம், மின்தடை. 2011 டிசம்பரில் தானே புயலும் இப்படித்தான். இங்கே மீன் வளர்ப்பவர்களுக்கு ‘கரன்ட் போனால் என்ன’ என்பது கற்பனைக் கேள்வி இல்லை. ஐப்பசி பிறக்கும் முன் தயாராகுங்கள்:

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று. அதை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டினால் காற்றும் கிடைக்கும், பாக்டீரியாவும் பிழைக்கும்.

இரண்டு டிரம்மில் கலந்து வைத்த தண்ணி. வெள்ளத்துக்குப் பிறகு போர் தண்ணி சோதிக்காமல் வேண்டாம்.

கரன்ட் இல்லாதபோது தீவனம் கிடையாது. ஆரோக்கியமான பெரிய மீன் சில நாள் பட்டினி தாங்கும். அழுகும் தீவனத்தைத் தாங்காது.

எதுவுமே இல்லையென்றால், மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீங்க. உள்ளே கெட்டுப்போன தண்ணி தொட்டிக்கு வரும். கொட்டி, அலசி, பிறகு ஓட்டுங்கள்.

தாழ்வான பகுதி வீடு என்றால் ஸ்டாண்டு உயரத்தையும் வெள்ளத்தை நினைத்து முடிவு செய்யுங்கள். மீனுக்காக மட்டும் இல்லை, ஆற்றுக்காகவும். ஏன் என்று இப்போது சொல்கிறோம்.

குட்டி நிறைய வந்துடுச்சு, ஆத்துல விட்டுடலாமா?

மலாவி சிக்லிட்கள் வாயில் அடைகாப்பவை. தாய், முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு சுமார் 3 வாரம் பெரும்பாலும் பட்டினி கிடக்கும். தாடை உப்பி, தீவனத்துக்கு வராமல் ஒதுங்கி நிற்கும் மீனைப் பார்த்து ‘நோய்’ என்று மருந்து ஊற்றிடாதீங்க. 3 வாரம் கழித்து அந்த வாயிலிருந்து குட்டிக் குட்டி மீன்கள் வெளியே வரும். நேரில் பார்த்தால் மறக்க மாட்டீங்க.

பிரச்னை அடுத்த ஆண்டு வரும். தொட்டி நிறைந்துவிடும். வெளியே சுண்ணாம்பாறு. “பாவம், சுதந்திரமா வாழட்டும்” என்று தோன்றும். செய்யவே செய்யாதீங்க.

மீன் மார்க்கெட்டில் ஜிலேபி கெண்டை பார்த்திருப்பீங்க. ஊர்க் குளம், ஏரி, கழிமுகம் எங்கும் கிடைப்பதால் நம்ம ஊர் மீன் என்றே பலர் நினைக்கிறார்கள். மொசாம்பிக் திலாப்பியா என்ற அதுவும் ஓர் ஆப்பிரிக்கன் சிக்லிட்தான். இந்தியாவுக்கு அது வந்தது 1952ல், உணவுக்காக. உப்புத் தண்ணியும் தாங்கும், வாயில் அடைகாக்கும், வருஷம் பல முறை குட்டி போடும். இன்று உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. நம்ம நீர்நிலைகளில் அது தின்னும் இரையும் முட்டையிடும் இடமும் ஊர் மீன்களிடமிருந்து பறித்தவை.

சிக்லிட்களின் சொந்த ஊரிலேயே இதற்கு எதிர்மாறான பாடம் உண்டு. விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை விட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கு மட்டுமே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் காணாமல் போயின. ஏரி மாசுபட்டதும் சேர்ந்துதான் காரணம் என்றாலும், தொடக்கம் வெளியிலிருந்து வந்த ஒரு மீன்.

உங்கள் தொட்டி மீன் ஆற்றில் பிழைக்குமா, சாகுமா என்பது ஒரு கேள்வி. அது சுமந்து போகும் ஒட்டுண்ணியும் நோயும் இன்னொரு கேள்வி. வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ள ஊரில் இரண்டையும் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஆறு மட்டும் இல்லை, கோயில் குளமும் கிணறும் அப்படித்தான்.

வழிகள் இருக்கின்றன. வாங்கிய கடையில் கொடுத்து தீவனமாக மாற்றிக்கொள்ளலாம். மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுக்கலாம். குட்டியைத் தனியாகப் பிரிக்காமல் விட்டால், தொட்டியிலேயே இயற்கையாகச் சில மட்டும் மிஞ்சும். குட்டியே வேண்டாம் என்றால் ஆண் பீகாக்குகளை மட்டும் வளர்க்கலாம். இறந்த மீனை மண்ணில் புதையுங்கள். மாற்றிய தண்ணியை ஆற்றுப் பக்கம் விடாமல், கரிக்காத தண்ணியாக இருந்தால் தென்னைக்கு ஊற்றுங்கள். அதிலுள்ள நைட்ரேட் அதற்கு உரம்.

இன்றைக்கே தொடங்கணும் என்று தோன்றினால், மீன் கடைக்கு இப்போது போக வேண்டாம். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டுத் தண்ணியைப் பிடித்து பி.ஹெச், ஜி.ஹெச், கே.ஹெச் மூன்றையும் சோதித்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அந்த முதல் பக்கத்தை வைத்துத்தான் தொட்டியின் அளவும் மீனின் பெயரும் முடிவாகும்.